பிரிவுத் தலைவர்

ஜூன் 3, செவ்வாய்

குழாய் உடைந்து மூன்று தெருவுக்குத் தண்ணீர் வராது என்ற செய்தியைத் தளத்தில் ஏற்றிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தால், பக்கத்திலேயே ஓட்டல் விளம்பரம். என் வீட்டுக்காரர் இருக்கிற ஊரில் ஓட்டல். 'இன்றே அறை பதியுங்கள்.' போன வாரம் அந்த ஊருக்கு ரயில் டிக்கெட் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஊர் என்னை விடாமல் துரத்துகிறது.

நான் நடத்துகிற செய்தித் தளத்தில் எனக்கே என் புருஷன் இருக்கும் ஊரை விற்கிறார்கள். விற்றுக் கொடுக்கிற கம்பெனியும் இவர் வேலை பார்க்கிற கம்பெனிதான். நான் அதைப் பார்த்ததற்கு எனக்கே ஏதோ சில்லறை வரவு வேறு. இதற்குச் சிரிப்பதா அழுவதா?

கமாவிடம் காட்டினேன். எங்கள் அலுவலகமே நானும் அவரும்தான். மனிதர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் கமா போடுவார், அதனால் வைத்த பெயர். "விளம்பரமே கூப்பிடுது மேடம், போயிட்டு வந்துடுங்களேன்" என்கிறார். போனால் வார்டு கூட்டத்துக்கு யார் போவது? தெருவிளக்குப் புகாரை யார் எழுதுவது?

ஜூன் 9, திங்கள்

இவருக்குப் பதவி உயர்வு. விளம்பரப் பரிமாற்றப் பிரிவின் தலைவர். போனில் குரலே மாறியிருந்தது, பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி. வாழ்த்தினேன், மனசாரத்தான் வாழ்த்தினேன். வைத்த பிறகு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: பிரிவுத் தலைவர். நாலு வருஷமாக வேறு ஊரில் குடியிருக்கும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் எந்தக் கம்பெனியும் கொடுத்துவிட முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

கம்பெனிகளின் ஏகபோகத்தை விசாரிக்கிற போட்டி ஆணையத்திலிருந்து ஒரு வக்கீலம்மா பேசினார். இவர் கம்பெனியை உடைக்க வேண்டுமா வேண்டாமா என்று விசாரணை நடக்கிறதல்லவா, அதில் சின்னத் தளம் நடத்துகிறவராக நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சாவிக்கடை விஷயத்தை நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

சாவிக்கடை விஷயம் சின்னதுதான். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே சாவி வெட்டும் கடை. அந்தக் கடைக்காரர் நெட்டில் ஒரு விளம்பரம் கொடுத்தார். அது சுற்றிச் சுற்றி எங்கள் தளத்திலேயே வந்து விழுந்தது. அவர் கொடுத்ததையும் எனக்கு வந்ததையும் படிக்கட்டில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தோம், பாதிக்கு மேல் நடுவிலேயே ஆவியாகியிருந்தது. "நான் மாடி ஏறி வந்து உங்க கையிலயே குடுத்திருப்பேனேம்மா" என்றார். அதைத்தான் எழுதினேன்.

கல்யாணமான புதிதில் இவரே எனக்கு இதை விளக்கியிருக்கிறார். இடம் விற்கிற என் போன்றவர்களுக்கு உதவுகிற கருவி கம்பெனியுடையது. வாங்குகிற கடைக்காரருக்கு உதவுகிற கருவியும் அதனுடையது. நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிற ஏலமும் அதனுடையதே. "ரெண்டு டீமுக்கும் கோச்சு நாங்க, நடுவுல அம்பயரும் நாங்க, எப்படி?" என்று சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன்.

வக்கீலம்மாவிடம் என் கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று சொன்னேன். "தெரியும். மறைக்காம சொல்லிட்டா அதுல ஒண்ணுமில்ல" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 28, சனி

இவர் வந்திருக்கிறார்! எழுதக்கூட நேரமில்லை.

ஜூன் 30, திங்கள்

போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் ஆள் இருந்தது.

சனிக்கிழமை பாத்திரமெல்லாம் இவரே கழுவினார். கோப்பைகளைக் கைப்பிடி ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வரிசையாகக் கவிழ்த்து வைப்பார், அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி. நான் வைத்தால் சந்தைக்கடை. இன்று காலை ஒரு கோப்பையை எடுக்கவே மனம் வரவில்லை. டம்ளரில் காபி குடித்தேன். இந்த வயதில் எனக்கு என்ன கேடு.

சாட்சி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "உண்மையைத்தானே சொல்லப் போற, போய்ச் சொல்லு ஆசிரியரம்மா" என்றார். கோபம் இல்லாதபோதுதான் ஆசிரியரம்மா வரும். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார். உடைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தால், இவருடைய பிரிவு தனிக் கம்பெனியாகும். அதன் தலைமை அலுவலகத்தை இந்த ஊரில் வைக்கத்தான் பேச்சு. இங்கேதான் கம்பெனியின் பழைய கட்டடமும் கணிப்பொறிக் கூடமும் சும்மா கிடக்கின்றன.

இந்த ஊரிலா? என்று கேட்டேன்.

"பேச்சுதான்" என்றார், டேப்லெட்டில் மேட்ச் பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இவர் இங்கே வேலைக்குப் போவது, மாலையில் வருவது, செருப்பை வாசலில் கோணலாக விடுவது, நான் திட்டுவது — இதே ஓட்டம்தான் தலைக்குள். ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் கை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். பிளாட்பாரம் பெருக்குகிற பெண் "தள்ளிக்கங்கக்கா" என்று சொன்னபோதுதான் தெரிந்தது.

ஜூலை 1, செவ்வாய்

வக்கீலம்மாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

எதற்காகச் சரி என்றேன்? சாவிக்கடைக்காகவா?

ஜூலை 5, சனி

மேட்ச் பார்க்க இவர் நம் வீட்டு டேப்லெட்டில் தன் கணக்கைத் திறந்தவர், மூடாமல் போய்விட்டார். சமையலறை மேடையில் கிடந்த அதை இன்று எடுத்தால், திரை முழுக்க மேசை நாற்காலி. இரண்டு பேர் சாப்பிடும் மேசை, வட்டமாக, இளம் மரநிறம். அதற்குக் கீழே திரைச்சீலை. 'உங்கள் நகரில் இலவச டெலிவரி.'

ஒருவர் எதைத் தேடினாரோ அதுதான் விளம்பரமாக அவரைத் துரத்தும். இது எனக்குத் தெரியாதா, இதில்தானே நாலு காசு பார்க்கிறேன். மேசை தேடியிருக்கிறார். நம் மேசையின் கால் ஆடுகிறது என்று போன முறை நான்தானே புலம்பினேன். இவர் எதையும் சொல்லாமல் செய்து முடித்துவிட்டு முகத்தைப் பார்க்கிற ரகம். அப்படியானால் 'பேச்சுதான்' என்றது வெறும் பேச்சில்லை.

கேட்கமாட்டேன். அடுத்தவர் கணக்கை எட்டிப் பார்த்தது தப்பு என்பது ஒரு காரணம். கேட்டால் அவர் ஆசை கெட்டுப்போகும் என்பது இன்னொன்று. கூடத்தை மட்டும் டேப் வைத்து அளந்தேன். ஜன்னலோரம் தாராளமாகக் கொள்ளும்.

ஜூலை 11, வெள்ளி

இன்று புத்தக அலமாரி. நேற்று கதவுப் பூட்டு. பூட்டு எதற்கு? சரி, இருக்கட்டும். நம் பூட்டும் பழசுதான்.

ஜூலை 17, வியாழன்

சாட்சி சொல்லியாயிற்று. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

பெரிய கூடம், குளிர். மைக் என் வாய்க்கு எட்டவில்லை, ஒருவர் வந்து வளைத்துக் கொடுத்தார். வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் சொன்னேன். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். வெல்லமாகப் பேசுகிற மனிதர். அந்தக் கருவி எனக்கு இலவசம்தானே என்றார். இலவசம்தான் என்றேன். அதற்கு முன்னால் விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினீர்கள் அல்லவா? ஆமாம், ஆனால் கடைக்காரர் என்ன கொடுத்தார் என்று அப்போது எனக்குத் தெரியும் என்றேன். உடைத்தால் மூன்று கம்பெனி, மூன்று ஒப்பந்தம், மூன்று பேருக்குக் கட்டணம், உங்களைப் போன்ற சின்னவர்களால் சமாளிக்க முடியுமா? நியாயமான கேள்வி. கமாவே தினமும் இதைத்தான் கேட்கிறார். "ஒரு முதலைக்குப் பதிலா மூணு குட்டி முதலை, மேடம்" என்று. தெரியாது, ஆனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படுவார்கள், இப்போது அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்றேன். நாலைந்து பேர் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக, "கம்பெனி உடைக்கப்பட்டால் உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஏதாவது லாபம் உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதவி, பங்கு, பணம் — அவர் கேட்டது அதைத்தான். ஆனால் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"உண்டு. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவார்" என்றேன்.

கூடமே சிரித்தது. வெல்லக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் அடித்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

எல்லாச் செய்தியிலும் அந்த ஒரு வரிதான். நான் சொன்ன மற்ற எதையும் காணோம்.

நாத்தனார் போன் செய்தார். இவருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், பல் மருத்துவமனையில் நர்ஸ். எதையும் வேரோடு பிடுங்குகிற கை. "ஏம்மா, நீ கேஸ் போட்டது கம்பெனி மேலயா, என் தம்பி மேலயா?"

"அண்ணி, நான் கேஸே போடல. சாட்சிதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். அவன் என்ன சொன்னான்?"

அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பேசினார். ஆபீஸில் கிண்டல் தாங்கவில்லையாம். லிஃப்டில் பார்க்கிறவனெல்லாம் 'எப்ப சார் வீட்டுக்கு?' என்கிறானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமா என்று கேட்டேன். "இல்ல... ஊர் முன்னாடி கேக்கற அளவுக்கா இருந்துச்சு உனக்கு?" என்றார்.

இருந்தது. அதை எப்படிச் சொல்வது? ஆமாங்க, இருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இருந்தது. நல்ல செய்தி ஒன்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் படித்துக் காட்ட ஆளில்லாதபோது இருந்தது. காய்ச்சலில் படுத்திருந்தேனே அந்த வாரம், போர்வையை நானே இழுத்து விட்டுக்கொண்டபோது இருந்தது. போனில் இதில் ஒன்றும் வரவில்லை. "ம்" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்த மாதம் வர முடியாதாம். வழக்கு வேலை. அந்த ஊருக்கு நீ வாயேன் என்றார். இது புதிதல்ல, வருஷத்துக்கு இரண்டு முறை கேட்பார். தளத்தை என்ன செய்வது என்பேன், அத்தோடு விட்டுவிடுவார்.

ஆகஸ்ட் 23, சனி

தளத்தின் வரவு சரிந்துகொண்டே போகிறது. இப்படியே போனால் பொங்குவதற்குப் பாத்திரம் மட்டும்தான் மிஞ்சும் என்கிறார் கமா. அவருக்கு வேறு இடத்தில் வேலை தயாராக இருக்கிறது. போகாமல் இருக்கிறார். கேட்டால், "இங்க விட்டா, எவன், என் கமாவ, வச்சுக்குவான்?"

டேப்லெட்டில் இன்று சுவர்க் கடிகாரம்.

செப்டம்பர் 5, வெள்ளி

உடைக்கச் சொல்லித் தீர்ப்பு!

ஏல மேடை தனிக் கம்பெனியாக வேண்டும். இரண்டு பக்கத்துக் கருவிகளையும் ஒருவரே வைத்திருக்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு நடுவில் போகிறது என்பதை இரு பக்கமும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். கமா மேசை மேல் தாளம் போட்டார். கீழே சாவிக்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு "என்னம்மா, நம்ம கேஸா?" என்று மேலே பார்த்துக் கத்தினார். நம்ம கேஸ்தான் என்று நானும் கத்தினேன்.

பொதுநலனுக்காகச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் இந்தக் காகிதமே சிரிக்கும். அதுவும் உண்டுதான். ஆனால் முதலில் ஓடியது வீட்டு உள்ளறைக்கு. இவர் எழுதப் படிக்க வைத்திருந்த அறை, நாலு வருஷமாகப் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மின்விசிறிக்குப் புது ரெகுலேட்டர். இவர் பேசும்போதெல்லாம் நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மேசை விளம்பரம் நின்றுவிட்டது. வாங்கியிருப்பார்.

அக்டோபர் 8, புதன்

தனிக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான். அறிவித்துவிட்டார்கள். செய்தியை நானே எழுதினேன், ஊர்ப் பெயரை இரண்டு முறை அடித்திருந்ததைக் கமா ஒன்றும் கேட்காமல் திருத்தினார். பிரிவில் இருக்கிறவர்கள் புதுக் கம்பெனியோடு இங்கே வரலாம், அல்லது பழைய கம்பெனியிலேயே வேறு வேலையில் அங்கேயே இருக்கலாம். அவரவர் விருப்பம்.

அவரவர் விருப்பம்!

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து.

காலையில் பேசினார். அங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். பழைய கம்பெனியில் இன்னும் பெரிய வேலை. அந்த ஊரும் பழகிவிட்டது, நண்பர்கள் இருக்கிறார்கள், விடிந்தால் நடக்க ஏரிக்கரை இருக்கிறது. அங்கே நான் நானாக இருக்கிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை. மேசை என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"எந்த மேசை?"

ரெண்டு பேர் சாப்பிடுற மேசை. அலமாரி, பூட்டு, கடிகாரம். எல்லாம் டேப்லெட்ல வந்துச்சே.

அவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்: மேசை, அலமாரி, பூட்டு. பிறகு சொன்னார். கம்பெனி கொடுத்த இடத்தை விட்டு, அங்கே சொந்தமாக ஒரு வீடு பார்த்திருக்கிறார். அதற்குத்தான்.

'உங்கள் நகரில் இலவச டெலிவரி.' கணக்கு அவருடையது. 'உங்கள்' என்றால் அவர். அவர் நகரம். விளம்பரத்தை விற்று வயிறு வளர்க்கிற எனக்கு, விளம்பரத்தில் 'உங்கள்' யார் என்று படிக்கத் தெரியவில்லையே! நான் பாட்டுக்கு டேப் வைத்துக் கூடத்தை அளந்துகொண்டிருந்தேன். மடச்சி. படித்த மடச்சி.

ஏன் சொல்லல? என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்னுதான் பாத்தேன். நாற்காலியும் ரெண்டுதானே வாங்கினேன். உன் தளம் ரொம்ப நாள் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். வர்ற கணக்கெல்லாம் எங்க பக்கம்தானே தெரியுது. அது மூடினா நீ வந்துடுவேன்னு நெனச்சேன். வந்தா எல்லாம் தயாரா இருக்கட்டும்னு..."

மூடினா வந்துடுவேன்னு நெனச்சேன்.

அவர் கம்பெனி உடைய வேண்டும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். என் தளம் மூட வேண்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஆசையாகத்தான் காத்திருந்தோம். இதில் யாரை நான் திட்டுவது?

அக்டோபர் 13, திங்கள்

திட்டத்தான் வேண்டும். எங்க பக்கம் தெரியுதுன்னா என்ன அர்த்தம்? நான் தேயறத அங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களா? ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நீ மட்டும் கேட்டியா?

கேட்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதையாவது பிடுங்குவார் என்று பார்த்தால், என் தலையைக் கோதி விட்டார். "போயிடேன்மா. உனக்கு அவன்தானே வேணும், இந்த ஊர் எதுக்கு?" என்றார். எனக்கு அவர்தான் வேண்டும். இந்த வாசலில், கோணல் செருப்போடு வேண்டும். அங்கே போனால் அவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரிக்கரையிலிருந்து அவர் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் சுகம்தான் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசை நம்பி ரயில் டிக்கெட் வரைக்கும் இன்று மறுபடி போனேன்.

நவம்பர் 14, வெள்ளி

புது ஏற்பாடு ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் கொடுப்பது, நடுவில் எடுப்பது, எனக்கு வருவது, மூன்றும் ஒரே பக்கத்தில் தெரிகிறது. நடுவில் எடுப்பது குறைந்திருக்கிறது. மலையளவு ஒன்றுமில்லை. ஆனால் தளம் தாங்கும். கமாவின் வேலை தாங்கும். மூன்று ஒப்பந்தம் படிக்க வேண்டியிருக்கிறது, வெல்லக்காரர் அதைப் பொய் சொல்லவில்லை, தலைவலிதான். இருந்தாலும் நாளைக்கே யாராவது உடைத்தது சரியா என்று கேட்டால் சரி என்பேன், எனக்குக் கிடைக்காமல் போனதையும் சேர்த்துத்தான்.

தளம் மூடியிருந்தால் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். இந்த எண்ணம் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

இவர் வந்து போனார். கையில் பழப்பை. வாசலில் நின்று "வரலாமா?" என்றார். விளையாட்டுக்குத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. புதிதாக வெள்ளையடித்த அறையில் பையை வைத்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார். ராத்திரி கூடத்து சோபாவிலேயே தூங்கிவிட்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சூடு சாயங்காலம் வரைக்கும் கையில் இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

இன்று நம் தளத்துக்கு நானே ஒரு விளம்பரம் எழுதினேன். 'ஓர் அறை வாடகைக்கு. புதிதாக வெள்ளையடித்தது. காற்றோட்டம் உண்டு. பெண்களுக்கு மட்டும். குறுகிய காலத்துக்கு.'

கமா பிழை பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக ஒரு கமாகூடப் போடவில்லை. கடைசி வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு, "குறுகிய காலம்னா எவ்வளவு மேடம்? கேப்பாங்களே" என்றார்.

கொஞ்சம் யோசித்தேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.